மஞ்சள் பின்

ஆகஸ்ட் 4, ஞாயிறு

முன் சக்கரம் இரண்டுக்கும் கிரீஸ் வைத்தாயிற்று. காலை ஏழு மணிக்கு ஜாக்கி போட்டேன், முடிய ஒன்றரை ஆகிவிட்டது. போன தடவை பதினோரு மணிக்கே கை கழுவினேன். எனக்கு ஐம்பத்திரண்டு, லாரிக்கு இருபத்தாறு. இரண்டு பேருக்கும் இனி வேகம் கிடையாது.

பக்கிரி பத்து மணிக்கு வந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றான். வசந்தாவின் தம்பி என்பதால் ஒன்றும் சொல்ல முடியாது. பாதி லாரி அவனுடையது என்பதால் இன்னும் முடியாது. திங்கள், புதன், வெள்ளி நான் ஓட்டுகிறேன். மற்ற மூன்று நாள் அவன்.

“ஒர்க் ஷாப்ல உட்டா அளவு வச்சு இறுக்குவாங்க மாமா. நாம எதுக்கு ஞாயித்துக்கெழம அழுக்காவணும்?”

“அளவு என் வெரல்ல இருக்குடா” என்றேன். போய்விட்டான்.

பேரிங்குகளை டீசலில் கழுவி, காயவிட்டு, உள்ளங்கையில் கிரீஸை வைத்து மறுபக்கம் பிதுங்கும்வரை அழுத்தி ஏற்றினேன். ஆயில் சீல் புதிது. நட்டு கழன்றுவிடாமல் குறுக்கே செருகும் பின் மட்டும் மதிவாணன் கடையில் வழக்கமான வெள்ளை இல்லை. மஞ்சள் பூச்சு போட்டதைக் கொடுத்தான். சக்கரம் என்ன கலர் பார்த்தா சுற்றுகிறது.

டிரைவர் சைடு சுலபமாக முடிந்தது. இடது பக்கம், கிளீனர் சைடில்தான் தகராறு. நட்டை இறுக்கி, கொஞ்சம் தளர்த்திய பிறகு, அதன் பின்னால் இருக்கும் வாஷரை விரலால் தள்ளினால் அரை மனசாக நகர வேண்டும். அதுதான் அளவு. இன்று தள்ளினால் அது பாட்டுக்கு நகர்கிற மாதிரியே இருந்தது. லூஸ் என்று, பின் செருகும் அடுத்த வெட்டு வரைக்கும் ஒரு காடி இறுக்கினேன். அப்புறம் இன்னொரு காடி. அதற்கு மேல் பொறுமை இல்லை, பின்னைப் போட்டு மடக்கிவிட்டேன். கிரீஸ் கை, ஒன்றும் பிடிபடுவதில்லை.

ஆகஸ்ட் 5, திங்கள்

விழுப்புரம் லோடு. வளவனூர் டீக்கடையில் நிறுத்தியதும் வழக்கம்போல் புறங்கையால் இரண்டு முன் சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஹப்பையும் தொட்டுப் பார்த்தேன், பேரிங் இறுகியிருந்தால் அங்கேதான் சுடும். குளுகுளுவென்று இருக்கிறது. பக்கிரியிடம் சொல்ல வேண்டும்.

ஆகஸ்ட் 8, வியாழன்

பால் வாங்கிக்கொண்டு திரும்பினால் வாசலில் வசந்தா, “இன்னொரு செருப்பு எங்கங்க?” என்றாள். குனிந்து பார்த்தால் இடது காலில் செருப்பில்லை. திரும்பிப் போனேன். பால் பூத்துக்கு எதிரில், நடுரோட்டில் கிடக்கிறது. அவ்வளவு தூரம் வெறுங்காலோடு நடந்திருக்கிறேன். புதுச் செருப்பு, வார் லூஸ்.

இதற்குச் சிரிப்பாள் என்று நினைத்தேன். சுகர் மாத்திரை போட்டீர்களா என்று கேட்டாள். எனக்குச் சுகர் வந்த எட்டு வருடமாக எது நடந்தாலும் சுகர்தான். செருப்புக்குக்கூடவா?

ஆகஸ்ட் 13, செவ்வாய்

மத்தியானம் கண்டமங்கலத்திலிருந்து பக்கிரி போன்.

“மாமா, கிளீனர் சைடு ஹப்பு சுடுது. கைய வெக்க முடியல.”

“பிரேக்கு மேலயே காலை வச்சு ஓட்டுனா சுடாம என்ன பண்ணும்?”

“இல்ல மாமா. ஒரு பக்கந்தான் சுடுது. டைட்டா இருக்கும்போல.”

நேற்று நான் தொட்டுப் பார்த்த ஹப். அதே ரோடு, அதே லோடு. எனக்குச் சுடாதது இவனுக்கு மட்டும் சுடுமா? மெதுவாக ஓட்டிக்கொண்டு வந்து சேர்ந்தான். பிரித்துப் பார்க்கலாம் என்று மறுபடியும் ஆரம்பித்தான். நாளைக்கு நானே ஓட்டிப் பார்க்கிறேன், வாயை மூடு என்றேன்.

ஆகஸ்ட் 14, புதன்

எழுதக் கை ஓடவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

வளவனூரில் நிறுத்தி, பக்கிரி சொன்னானே என்று நாலு விரலின் புறத்தையும் ஹப்பின் மேல் அழுத்தி வைத்துப் பார்த்தேன். நன்றாகவே வைத்தேன். ஒன்றுமில்லை. நிம்மதியாக டீ குடித்தேன். லோடு இறக்கிவிட்டுத் திரும்பும்போது வண்டி இடது பக்கம் இழுக்க ஆரம்பித்தது. எங்கள் ஊர் மேட்டுப்பாளையம் லாரி ஸ்டாண்டுக்குள் திருப்புகிறேன், கருகிய நாற்றம், புகை. டீக்கடையில் இருந்த டிரைவர்கள் எல்லோரும் எழுந்து ஓடி வந்தார்கள். பிரித்தால் கிரீஸ் தார் மாதிரி ஆகியிருக்கிறது. பேரிங் நீலம் பாரித்துவிட்டது. இன்னும் ரெண்டு மைல் போயிருந்தா சக்கரம் தனியா போயிருக்கும் என்றார் ஒருவர். கழற்றியதையெல்லாம் டப்பாவில் போட்டேன்.

பக்கிரி பைக்கில் வந்தான். எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்தது?

“நேத்து சுடுதுன்னு சொன்னியே, நீதான நட்ட நோண்டுன?”

“நான் தொடவே இல்ல மாமா.”

“தொடாம எப்பிட்ரா இறுகும்? தெரியாத வேலைய செஞ்சிட்டுப் பொய் வேற சொல்றியா?”

எட்டுப் பத்து பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பக்கிரி தன்னிடம் இருந்த லாரிச் சாவியை எடுத்து சீட்டில் வைத்தான். “அக்காவுக்காகப் பேசாம போறேன்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

போகட்டும்.

ஆகஸ்ட் 15, வியாழன்

கொடியேற்றம், மிட்டாய், லீவு. லாரி ஸ்டாண்டிலேயே நிற்கிறது.

சாப்பிடும்போது வசந்தா என் வலது கையைப் பிடித்துத் திருப்பினாள். விரல்களின் புறத்தில் இரண்டு கொப்புளம், கொட்டைப்பாக்கு அளவுக்கு.

“எங்க சுட்டுக்கினீங்க?”

டீயாக இருக்கும் என்றேன். டீ கொட்டினா கையெல்லாம் பரவும், ரெண்டே எடத்துல வராது என்கிறாள். சைலன்சராக இருக்கும் என்றேன்.

“இவ்ளோ பெருசு வந்திருக்குது. எப்பிடிங்க தெரியாம இருக்கும்?”

சாம்பாரை ஊற்று என்றேன்.

ஆகஸ்ட் 16, வெள்ளி

இந்த ஊர் சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்த நாள், அதனால் இங்கே மட்டும் இன்றைக்கும் லீவு. வேலை இருந்தால் இதெல்லாம் யோசித்திருக்க மாட்டேன்.

புது பேரிங் வாங்க, அளவுக்குப் பழையதை எடுத்துப் போகலாம் என்று டப்பாவைக் கவிழ்த்தேன். பின் கீழே விழுந்தது. மஞ்சள் பின்.

இரட்டைக் கால் பின்னைச் செருகியதும் ஒரு காலை நட்டின் மேல் மடக்கிவிட்டு, மறு காலை அடியோடு நறுக்கிவிடுவது என் வழக்கம். பக்கிரி இரண்டு காலையும் மீசை மாதிரி இரண்டு பக்கமும் விரித்துவிடுவான். அதற்காக எத்தனை தடவை கிண்டல் செய்திருக்கிறேன். இந்தப் பின்னுக்கு ஒற்றைக் கால். நான் போட்டது. இதை உருவாமல் நட்டை ஒரு நூல்கூட அசைக்க முடியாது. உருவிவிட்டு இதையே திரும்பப் போட்டிருப்பானோ என்றும் பார்த்தேன். இரண்டு தடவை மடக்கியிருந்தால் பூச்சு உதிர்ந்திருக்கும். உதிரவில்லை. புதன்கிழமை இதை நிமிர்த்தி இழுத்தவனும் நான்தான். புகையில் கோபம் தெரிந்தது, கையில் இருந்த பின் தெரியவில்லை.

ஆக, பக்கிரி தொடவில்லை. நான் இறுக்கியது.

அது ஒன்று. இன்னொன்று இந்தக் கொப்புளம். புதன்கிழமை இந்தக் கை எதையெதைத் தொட்டது என்று காலையிலிருந்து யோசிக்கிறேன். ஸ்டியரிங், கியர், டீ கிளாஸ். வளவனூரில் ஹப். நாலு விரலையும் அழுத்தி வைத்தேனே, அது கொதித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறது. கை வெந்துபோச்சு, எனக்குத் தெரியல. குளுகுளுன்னு இருக்குதுன்னு நெனச்சிட்டு டீ குடிச்சேன்.

அப்ப அன்னைக்கு வாஷர் நகருதா இல்லையான்னு யாரு சொன்னது? இதே வெரலுதான? செருப்பு கழண்டது தெரியாத இதே காலாலதான பிரேக்க மிதிச்சிட்டு இருக்கேன்?

பயமாக இருக்கிறது. யாரிடமும் சொல்லவில்லை, இங்கே எழுதுகிறேன்.

ஆகஸ்ட் 17, சனி

பக்கிரிக்குப் போன் போட எடுத்தேன். வைத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 19, திங்கள்

வசந்தாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவாள் என்று பார்த்தால் சேலை மாற்றிக்கொண்டு வந்து நின்றாள். கதிர்காமம் ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

சின்ன வயது டாக்டரம்மா, பூர்ணிமா என்று பெயர். படுக்கச் சொன்னார். கண்ணை மூடுங்கள், நைலான் இழையால் காலைத் தொடுவேன், தொடும்போதெல்லாம் சொல்லுங்கள் என்றார். படுத்திருந்தேன். ஃபேன் சத்தம் கேட்டது. வெளியே டோக்கன் நம்பர் கூப்பிட்டார்கள். ரொம்ப நேரம் ஆகிறதே என்று, “எப்பம்மா ஆரம்பிப்பீங்க?” என்று கேட்டேன்.

“ரெண்டு காலும் முடிஞ்சிடுச்சுங்க” என்றார்.

கண்ணைத் திறந்தால் வசந்தா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கைவிரல்களிலும் போயிருக்கிறது, முழுக்க இல்லை. சுகரைப் பிடித்து வைத்தால் இதற்கு மேல் போகாமல் பார்க்கலாம். போனது திரும்புமா என்று உறுதி சொல்ல முடியாது என்றார். என்ன வேலை என்று கேட்டார். சொன்னேன். எழுதிக்கொண்டிருந்த பேனாவை வைத்துவிட்டார்.

“லாரி ஓட்டாதீங்க. இப்போதைக்குன்னு சொல்ல மாட்டேன்.”

இருபத்தெட்டு வருடம். ஒரு கோழியைக்கூட அடித்ததில்லை.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

பின்னைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பக்கிரி வீட்டுக்குப் போனேன். நாற்காலி எடுத்துப் போட்டான். பின்னை அவன் கையில் வைத்தேன். அவனும் தொழில்காரன்தானே, பார்த்ததும் புரிந்துகொண்டான். ஆஸ்பத்திரி விஷயத்தையும் சொன்னேன். என் கையைத் திருப்பிக் கொப்புளத்தைப் பார்த்தான்.

“காலுக்கு டாக்டர் என்ன சொன்னாங்க?”

சொன்னேன்.

“சரி மாமா. ஆனா நீ என்னைப் பொய் சொல்றவன்னு சொன்னது வீட்ல இல்ல. ஸ்டாண்டுல.”

நியாயம்தான். நான் தலையை ஆட்டினேன்.

ஆகஸ்ட் 21, புதன்

காலையில் அந்த டிரைவர்கள் டீ குடிக்கிற நேரம் பார்த்து ஸ்டாண்டுக்குப் போனேன். வழியெல்லாம் மனசுக்குள் சொல்லிப் பார்த்தது அங்கே போனதும் மறந்துவிட்டது. “நட்ட இறுக்கனது நான்தான். பக்கிரி தொடல. எனக்கு வெரல்ல உணர்ச்சி இல்ல, அது தெரியாம அவன் மேல போட்டுட்டேன்” என்றேன். வடிவேல் என்று ஒருவர், என்னைவிட மூத்தவர், பெஞ்சில் இடம் விட்டார். உட்கார்ந்தேன். அவர் தன் செருப்பைக் கழற்றி, “எனக்கும் இந்தக் கட்டவெரலு மரத்துத்தான் கெடக்குது. வீட்ல சொல்லல” என்றார். கதிர்காமத்தில் எந்த நாள், எந்த அறை என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

ஸ்டாண்டிலேயே புது பேரிங் மாட்டினோம். கிரீஸ் ஏற்றியது நான். அதற்குக் கண் போதும். நட்டைச் சக்கரம் சுற்றச் சுற்ற இறுக்கி, கொஞ்சம் தளர்த்தி, அப்புறம் கையை எடுத்துக்கொண்டேன். பக்கிரி குனிந்து விரலை உள்ளே விட்டான்.

“நகருதா?”

“நகருது மாமா. அர மனசா.”

அந்த வார்த்தை என்னுடையது. எப்போது கேட்டு வைத்திருந்தானோ. டிரைவர் சைடையும் பிரித்து அவனையே பார்க்கச் சொன்னேன். அதுவும் ஒரு காடி அதிகம். இரண்டுக்கும் வெள்ளைப் பின். மடக்குவதை அவனிடமே விட்டேன், மீசை மாதிரிதான் விரித்தான். நான் வாயைத் திறக்கவில்லை.

சாவியைக் கொடுத்தேன். அவன் வைத்துவிட்டுப் போனதைக் கொடுத்தேன், என்னுடையதையும் கொடுத்தேன்.

ஆகஸ்ட் 26, திங்கள்

என் நாள். காலையில் பழக்கதோஷத்தில் டிரைவர் கதவு வரைக்கும் போய்விட்டேன். பக்கிரி தள்ளி நின்று காத்திருந்தான். நானே சுற்றிக்கொண்டு போய் அந்தப் பக்கம் ஏறினேன். அங்கிருந்து பார்த்தால் விழுப்புரம் ரோடு வேறு ரோடு மாதிரி இருக்கிறது. இத்தனை வேப்பமரம் இருப்பது எனக்குத் தெரியாது.

வளவனூரில் நிறுத்தினான். இறங்கிப் போய்ப் புறங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, என் ஜன்னலுக்குக் கீழே வந்து நின்று சொன்னான். ஓடி வந்த ஹப் எப்படி இருக்க வேண்டுமோ அப்படி. எழுதிக்கொண்டேன்.

டிரைவர் சைடு, வெதுவெதுப்பு. கிளீனர் சைடு, வெதுவெதுப்பு. தொட்டது பக்கிரி.