கல்லை இறக்கவும் துறையில்லாத தீவு

என் நோரா அக்கா,

ரொக்ஸ்பரோவில் உன் வீட்டுக்கு வேறு யாரோ குடிவந்துவிட்டார்கள். அந்தப் பக்கம் பார்க்காமல்தான் ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். நர்ஸாக நீ இல்லாத வார்டில் டாக்டர் வேலை பார்ப்பது பெரிய தண்டனை.

உன்னைப் புதைத்த அன்று நடந்த கூத்தை உனக்குச் சொல்ல வேண்டாமா? சர்ச் ஹாலில் தேநீர். அயர்லாந்துக்கு அப்பால் கிடக்கும் உன் சின்னத் தீவின் பெயரில் இங்கே ஒரு சங்கம் வைத்திருக்கிறார்களே, அதன் தலைவர் பச்சை டையோடு எழுந்தார். "நம் தீவை அழிய விடமாட்டோம்! நோராவின் பெயரில் அங்கே ஒரு நினைவுக்கல் வைப்போம்!" என்றார். ஒரே கைதட்டல்.

தீவிலிருந்து வந்திருந்த உன் தம்பி மார்ட்டின் மெதுவாக எழுந்தான். "கல் வேண்டாம் ஐயா. படகு வந்து நிற்க ஒரு துறை கட்டிக் கொடுங்கள். குளிர்காலப் புயலில் கரையேற முடியவில்லை. டீச்சர் வரமாட்டேன் என்றார், பள்ளிக்கூடத்தை மூடினார்கள், பிள்ளை உள்ளவர்கள் போய்விட்டார்கள். இப்போது ஆறு வீட்டில்தான் அடுப்பு எரிகிறது."

"நிச்சயமாக, நிச்சயமாக" என்ற தலைவர், அடுத்த மூச்சில், "ஊர்ப்பாட்டு ஒன்று பாடுங்களேன்" என்றார். மார்ட்டின் தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டான்.

எனக்குப் பொறுக்கவில்லை. "நீங்கள் கடைசியாக எப்போது அங்கே போனீர்கள்?" என்று கேட்டேன்.

"மனதால் தினமும் போகிறேன், டாக்டர்."

இங்கே பக்கத்தில் புவாண்ட்-கிளேரில் பிறந்த மனிதர், அக்கா. அந்தக் கடலைப் படத்தில்தான் பார்த்திருக்கிறார். சும்மா அழுவதற்கு இவர்களுக்கு ஒரு ஊர் வேண்டும். அதில் ஆட்கள் இருந்தால் இடைஞ்சல்.

கல்லை அனுப்பியும்விட்டார்கள். மார்ட்டின் போனில் சொன்னான்: படகு தீவை இரண்டு முறை சுற்றியதாம், கனத்தை இறக்க இடமில்லாமல் திரும்பியதாம். எதிர்க்கரையில் மீன்பெட்டிகளுக்குப் பக்கத்தில் உன் பெயர் மல்லாந்து கிடக்கிறது. சங்கத்துக்காரர்கள் அதையும் படம் பிடித்து, கண்காட்சி வைத்துக் கேக் வெட்டினார்கள். இந்த ஊரில் ஒலிம்பிக்குக்காக மலைமலையாகச் சிமெண்ட் கொட்டுகிறார்கள். அங்கே ஒரு துறைச்சுவருக்கு வழியில்லை. அந்த நாட்டு அரசாங்கம் மட்டும் என்ன? "இவ்வளவு குறைந்த ஆட்களுக்கு எதற்குத் துறை?" என்கிறதாம். ஆட்கள் ஏன் குறைந்தார்கள் என்று யாராவது கேட்டார்களா?

போன மாதம் இன்னொரு வீடும் காலி. அந்த வீட்டுப் பெண்ணுக்குப் பிரசவ வலி எடுத்தும் அலை படகைக் கிளம்ப விடவில்லை. ஒருவழியாகப் பிழைத்தாள். குழந்தையோடு தீவுக்குத் திரும்ப மாட்டேன் என்றுவிட்டாள். அவளை நான் குறை சொல்ல மாட்டேன்.

"நீயும் இங்கே வந்துவிடேன்" என்று மார்ட்டினைக் கேட்டேன். "நானும் வந்துவிட்டால், வருகிற படகுக்குக் கயிறு பிடிக்க யார் இருப்பார்கள்?" என்றான்.

வருகிற கோடையில் போகிறேன், அக்கா. கேமரா இல்லை, மாலை இல்லை. அவன் கயிற்றை எறிந்தால் பிடிப்பேன். கை உரிந்தாலும் விடமாட்டேன்.

உன் கூடப்பிறக்காத தங்கை,
சுலோசனா