காசிமேட்டுக் கட்டுமர ஊஞ்சல்

விடுநர்:
திருமதி மங்கை,
கணவர் பெயர் ராமதாஸ்,
மீன் வியாபாரம்,
கிணற்றடிக் குப்பம், காசிமேடு,
இராயபுரம், சென்னை.

பெறுநர்:
உயர்திரு பக்தவச்சலம் அவர்கள்,
விளையாட்டிடங்கள் அமைக்கும் அதிகாரி,
நகர சபை அலுவலகம், சென்னை.

பொருள்: கிணற்றடிக் குப்பத்துப் பிள்ளைகளின் விளையாட்டிடத்திலிருந்து ஊஞ்சல் முதலியவற்றை வருகிற திங்கட்கிழமை கழற்றிச் செல்ல இருப்பதை நிறுத்தி, தாங்களே நேரில் வந்து அவற்றை முறைப்படி பெற்றுக்கொள்ளுமாறு வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம்.

1. நான் மேற்படி குப்பத்தில் குடியிருப்பவள். காலையில் கரையில் மீன் எடுத்து வண்ணாரப்பேட்டையில் தெருத் தெருவாக விற்கிறேன். எட்டாவது வரை படித்தவள் என்பதால் குப்பத்தில் யாருக்கு மனு வேண்டுமென்றாலும் என் கையில்தான் காகிதத்தைத் திணிப்பார்கள். குழாய்க்கும் தெரு விளக்குக்கும் நிறைய எழுதியிருக்கிறேன். ஊஞ்சலுக்காக எழுதுவது இதுதான் முதல் தடவை. எழுத்தில் குற்றமிருந்தால் பொறுத்தருள வேண்டும்.

2. சென்ற வருஷம் தாங்கள் எங்கள் குப்பத்துக்கு வந்து வெயிலில் நின்று பேசியது நினைவிருக்கும். பேட்டைதோறும் பிள்ளைகள் விளையாட ஓர் இடம் வேண்டும், ஆனால் சபையின் கையில் பணம் குறைவு, ஆகவே இடமும் சிமெண்டும் ஒரு மேஸ்திரியும் சபை தரும், மற்றதெல்லாம் ஊரார் தரவேண்டும் என்றீர்கள். இங்கே சும்மா கிடைக்கக்கூடியது என்ன என்று கேட்டீர்கள். உப்புக் காற்று என்று யாரோ சொல்ல, எல்லாரும் சிரித்தோம். தாங்களும் சிரித்தீர்கள். அந்தச் சிரிப்பை நம்பித்தான் இந்த மனுவைத் தங்களுக்கு மேலே இருப்பவர்களுக்கு அனுப்பாமல் தங்களுக்கே அனுப்புகிறேன்.

3. அதுவரை எங்கள் பிள்ளைகள் விளையாடியது துறைமுகத்துக்கு லாரி போகிற சாலையில். எங்கள் குப்பத்துக் கருணாகரன் மகனுக்குக் கால் போனது அங்கேதான். அந்தப் பையன் கட்டை ஊன்றி நடப்பதைத் தினமும் பார்க்கிற ஊர், விளையாட இடம் என்றதும் கையைக் கட்டிக்கொண்டு நிற்குமா? எங்கள் ஊர்த் தலைவர், நாங்கள் நாட்டார் என்போம், தண்டபாணி என்று பெயர். அவர் தம் தகப்பனார் கடலுக்குக் கொண்டுபோன பழைய கட்டுமரத்தைப் பிரித்து, அதன் கட்டைகளைக் கொடுத்தார். அவரைப் பார்த்து மற்றவர்களும் கொடுத்தார்கள். அந்தக் கட்டைகளே ஊஞ்சலாகவும், இரண்டு பக்கமும் உட்கார்ந்து ஏறி இறங்கும் பலகையாகவும் ஆயின. கிழிந்த பெருவலையை இழுத்துக் கட்டி, பிள்ளைகள் தொற்றி ஏறும்படி செய்தோம். கீழே விழுந்தால் அடிபடாமலிருக்கக் கடற்கரை மணலைக் கொட்டினோம். அந்த மணலைக் கூடை கூடையாகத் தலையில் சுமந்தது பெரும்பாலும் பெண் பிள்ளைகள். இதைத் தாங்கள் தயவுசெய்து கவனத்தில் வைக்க வேண்டும்.

4. பொங்கல் கழிந்து விளையாட்டிடத்தைத் திறந்தோம். பையன்கள் ஏறி ஆடினார்கள். என் மகள் ராஜாத்திக்கு ஒன்பது வயது. வரிசையில் நின்று, தன் முறை வந்ததும் ஊஞ்சலில் காலை வைத்தாள். நாட்டார் போட்ட சத்தத்தில் வலையில் தொங்கிய பையன்கள்கூட இறங்கிவிட்டார்கள். கட்டுமரத்தில் பெண் கால் படக்கூடாது என்பது எங்கள் ஊர் வழக்கம். கரையில் மரம் கிடந்தால் நாங்கள் சுற்றிக்கொண்டுதான் போவோம், தாண்ட மாட்டோம். ஆனால் கட்டைகளைக் கொடுத்தபோதும் சரி, மேஸ்திரி அவற்றை இழைத்தபோதும் சரி, இந்த வழக்கம் ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை. விளையாட்டு என்றால் பையன்கள் என்றே எல்லார் மனத்திலும் இருந்திருக்கிறது. பெண் பிள்ளைகள் மணல் சுமந்ததை இரண்டு கண்ணாலும் பார்த்த பிறகும் அப்படித்தான் இருந்திருக்கிறது. இதை எழுதும்போது எனக்குக் கோபம் வருகிறது. மன்னிக்கவும்.

5. அதற்காக நாட்டாரைத் தாங்கள் தவறாக எண்ணக்கூடாது. அவர் கல்நெஞ்சக்காரர் அல்ல. அன்று ராஜாத்தி அழுததைப் பார்த்து வேர்க்கடலை வாங்கி அவள் மடியில் போட்டவரும் அவரே. அவர் சொன்னதைச் சொன்னபடியே எழுதுகிறேன்: “இன்னாம்மா பண்றது? எங்க நைனா நின்னுகினு போன மரம் அது. பொம்பள கால் பட்டுச்சுன்னா நாளைக்குக் கடல்ல இன்னா ஆவும்னு யார் கண்டா?” அந்த மரம்தான் இனிமேல் கடலுக்குப் போகப் போவதில்லையே என்றேன். “அது மரத்துக்குத் தெரியுமா?” என்றார்.

6. அதற்குப் பதில் சொன்னவள் என்னோடு மீன் விற்கும் அங்கம்மா. “எங்க வூட்டுப் பொண்ணு ஏறாத ஊஞ்சல்ல எவன் புள்ள ஏறுதுன்னு பாத்துடறேன்” என்று கூடையோடு ஊஞ்சலுக்கடியில் போய் உட்கார்ந்தாள். மற்றப் பெண்களும் சுற்றி உட்கார்ந்தோம். ஆண்கள் ஒரு பக்கம், நாங்கள் ஒரு பக்கம். அந்த நேரம் பார்த்தா சபையின் ஓவர்சியர் வரவேண்டும்? அவர் சட்டையில் மீன் தண்ணீர் பட்டது யாரும் வேண்டுமென்று செய்ததல்ல. அவர் பார்த்ததைத்தான் மேலே எழுதியிருப்பார், அவர்மேல் எங்களுக்குக் குறையில்லை. ஆனால் ஊரில் ஒற்றுமை இல்லாதபடியால் சாதனங்கள் கழற்றப்பட்டு வேறு பேட்டைக்குக் கொடுக்கப்படும் என்று அறிவிப்பு ஒட்டிவிட்டார்கள். ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். அந்தப் பேட்டைப் பிள்ளைகளும் விளையாட வேண்டியவர்கள்தான், அவர்களைக் கூத்தாடி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

7. ஐயா, என் புகார் ஊஞ்சல் போவதைப் பற்றி மட்டும் அல்ல. அறிவிப்பு ஒட்டிய நாள் முதல் பையன்கள், “பொட்டப் புள்ளைங்களாலதான் எல்லாம் பூட்ச்சு” என்று தெருவில் பாடிக்கொண்டு போகிறார்கள். அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை, கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாமல் போன ஆத்திரம். திங்கட்கிழமை வண்டி வந்து கட்டைகளை ஏற்றிவிட்டால் இந்தப் பழி எங்கள் பெண் பிள்ளைகளோடு ஒட்டிக்கொள்ளும். பையன்கள் மறுபடியும் லாரிச் சாலைக்குப் போவார்கள். அங்கே இன்னொரு பிள்ளைக்கு ஏதாவது நேர்ந்தால் அதுவும் இவர்கள் தலையில்தான் விழும். நேற்று என் மகள், “எனக்கு ஊஞ்சல்னா தல சுத்தும்மா, எனக்கு வேணாம், அவங்களே ஆடட்டும்னு சொல்லிடு” என்றாள். அவள் பிறந்ததிலிருந்து ஒரு தடவைகூட ஊஞ்சலில் உட்கார்ந்தவள் அல்ல.

8. யோசித்துப் பார்த்ததில் இதற்கு எங்கள் வழக்கத்திலேயே வழி இருக்கிறது. பழைய கட்டுமரத்தைத் தச்சனுக்கோ விறகுத் தொட்டிக்கோ விற்கும்போது, வாங்குகிறவர் கரைக்கு வருவார். விற்கிறவர் கட்டையைக் கடல் தண்ணீர் ஊற்றிக் கழுவி, அதில் வெட்டியிருக்கும் தம் வீட்டுக் குறியை உளியால் செதுக்கி எடுத்துவிட்டு, வெற்றிலை பாக்கோடு அவர் கையில் ஒப்படைப்பார். அதற்குப் பிறகு அது வெறும் கட்டை. சாலை முனையில் டீக்கடை பெஞ்சு எங்கள் ஊர்க் கட்டுமரம்தான். அதில் நான் தினமும் உட்கார்ந்து டீ குடிக்கிறேன், இதுவரை ஒருவரும் ஒன்றும் சொன்னதில்லை. விளையாட்டிடத்துக்குக் கொடுத்த கட்டைகளோ தானமாகக் கொடுத்தவை. மேஸ்திரி வண்டியில் ஏற்றினார், கொண்டுபோய் இறக்கினார், அவ்வளவுதான். கொடுத்தவர் உண்டு, கை நீட்டி வாங்கியவர் இல்லை. சிக்கனம் நல்லதுதான். ஆனால் தாங்களும் நாங்களும் சேர்ந்து வெற்றிலை பாக்கிலும் சிக்கனம் பிடித்துவிட்டோம்.

9. இதை நாட்டாரிடம் சொன்னேன். உடனே எழுந்து போய் ஊஞ்சலுக்கு அடியில் குனிந்து தடவிப் பார்த்தார். அவர் தகப்பனார் வெட்டிய குறி அங்கே அப்படியே இருந்தது. “ஆமா, நான் குட்த்தேன். யார் வாங்கினா?” என்றார். சபையிலிருந்து தக்கவர் ஒருவர் வந்து வாங்கிக்கொண்டால் தமக்குத் தடையில்லை என்று பலர் முன்னிலையில் சொல்லிவிட்டார்.

10. ஆகவே தாங்கள் திங்கட்கிழமை அனுப்ப இருக்கும் வண்டியை நிறுத்திவைத்து, அன்று தாங்களே வந்து, நாட்டார் கையால் கட்டைகளைச் சபையின் பெயரில் பெற்றுக்கொள்ள வேண்டும். குறியை எடுத்த இடத்தில் சபையின் பெயரை எழுதி, எல்லாவற்றுக்கும் பச்சைச் சாயம் அடித்துவிட்டால், அது சர்க்கார் கட்டை, அதில் யார் ஏறலாம் என்பதும் சர்க்கார் பாடு. லாரிகளுக்குப் பெயர் எழுதும் லியாகத் அலி, சாயம் மட்டும் கிடைத்தால் கூலி வேண்டாம் என்கிறார். வெற்றிலை பாக்கு எங்கள் செலவு. சபைக்கு ஆகும் செலவு ஒரு டப்பா சாயம்.

11. இன்னும் ஒன்று சொல்லவேண்டியிருக்கிறது. ஊரில் சிலருக்கு இதிலும் மனம் ஆறவில்லை. அவர்களுக்காக நாட்டார் ஒரு நிபந்தனை வைத்திருக்கிறார். சாயம் காய்ந்ததும் முதலில் வயது வந்த ஒரு பெண் ஊஞ்சலில் உட்கார வேண்டும். மறுநாள் கடலில் மீன்பாடு சரியாக இருந்தால் பெண் பிள்ளைகள் ஏறலாம். மீன் படாவிட்டால் பழி உட்கார்ந்தவளோடு போகட்டும், பிள்ளைகளைச் சேரக்கூடாது. ஆனால் அப்புறம் அவளுக்குக் கரையில் யாரும் மீன் கொடுக்கமாட்டார்கள். அங்கம்மா தான் உட்காருவதாக எழுந்தாள். கயிறு தாங்குமோ என்று பயந்து நான் முந்திக்கொண்டேன். என் வீட்டுக்காரரும் கடலுக்குப் போகிறவர்தான். வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. சோறு மட்டும் சரியாகச் சாப்பிடவில்லை.

12. எனக்கு மீனை விட்டால் வேறு பிழைப்பு கிடையாது. கடலம்மா ஒரு பெண்ணாயிற்றே, பெண் பிள்ளை ஆடுவதைக் கண்டு கோபிக்கமாட்டாள் என்று முழு மனதாக நம்புகிறேன். இருந்தாலும் இது மாசி மாதம், நெத்திலி வலை கொள்ளாமல் பட்டுக்கொண்டிருக்கிறது. பங்குனி வந்துவிட்டால் ஒன்றும் சொல்வதற்கில்லை. ஆகையால் சபையில் காகிதம் மேசைக்கு மேசை நகர்வது தெரிந்தும் கேட்டுக்கொள்கிறேன், நெத்திலி இருக்கும்போதே வந்துவிடுங்கள், ஐயா.

தங்கள் வரவை எதிர்நோக்கும்,
(ஒப்பம்) மங்கை

மேலே கண்டது எனக்குப் படித்துக் காட்டப்பட்டது. அங்கம்மாவைப் பற்றி எழுதியதைத் தவிர மற்றதற்கு நான் பொறுப்பு.
தண்டபாணி, நாட்டார் (இடது கைப் பெருவிரல் ரேகை)

இடம்: காசிமேடு
நாள்: 17–2–1954