ஒன்பது கிண்ணங்கள்

அன்புள்ள அக்கா,

நேற்று காலி வீதி சூப்பர்மார்க்கெட்டில் மீன் சோஸ் போத்தல் ஒன்றைக் கண்டேன். வியட்நாமில் செய்தது என்று ஒட்டியிருந்தது. வெள்ளவத்தைக்காரர் இதைக் குடித்துத்தான் வளர்ந்தவர்கள் என்பதுபோல, தக்காளி சோஸுக்குப் பக்கத்தில் சர்வசாதாரணமாக வைத்திருந்தார்கள். வாங்கி வந்து மூடியைத் திறந்தேன். அந்த வாசனையில் குசினி முழுக்க உங்கள் கடை வந்து நின்றது. உங்கள் மகள் பாரிஸிலிருந்து போன் எடுத்து நீங்கள் போய்விட்டீர்கள் என்று சொல்லி இன்றோடு பதினெட்டு நாள். உங்கள் மனுசனை, நான் அண்ணை என்று கூப்பிட்டவரை, கொண்டுபோன அந்த நாளைப் பற்றி உங்களிடம் சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது. அதை இப்போது எழுதுகிறேன், கேட்க நீங்கள் இல்லாத நேரம் பார்த்து. என் துணிச்சல் எப்போதும் இப்படித்தான்.

உங்கள் கடைக்குப் பெயர் இருக்கவில்லை. பலகையில் 'சூப், நூடில்ஸ், ரோல்ஸ்' என்று மூன்று மொழியிலும் எழுதி, சிங்களத்தை மேலே போட்டிருந்தார் அண்ணை. ஒரு பெயர் வைக்கலாமே என்று நான் கேட்டபோது, "பேர் இருந்தாத்தானே தங்கச்சி, பேரைப் பாத்து எரிப்பாங்கள்" என்று சொல்லிச் சிரித்தார். நீங்கள் சிரிக்கவில்லை. சைகோனில் பிறந்து, அங்கே புடவைக் கடையில் வேலை பார்த்த யாழ்ப்பாணத்தவரைக் கட்டி, ஒரு யுத்தத்தை விட்டு ஓடிவந்து, இன்னொரு யுத்தத்துக்குள் சூப் அடுப்பு மூட்டியவர் நீங்கள். உங்களுக்கு அதில் பகிடி தெரிந்திருக்காது.

நான் மேல்மாடி அறையில் வாடகைக்கு இருந்தேன். கொழும்புக் கோட்டையில் ஒரு கப்பல் கம்பனியில் டைப்பிஸ்ட். இரவுச் சாப்பாடு உங்களோடுதான். வெங்காயத்தையும் இஞ்சியையும் நெருப்பில் கருக வாட்டி நீங்கள் சூப் பானைக்குள் போடும் வாசனை என் படிக்கட்டில் ஏறி வரும். ஆட்டிறைச்சி ரோல்ஸ் கேட்டு வந்தவர்களுக்கு அரிசித் தாளில் இறாலும் புதினாவும் சுற்றிக் கொடுத்து, "முதல் இதைத் தின்னுங்கோ, பிறகு கோவியுங்கோ" என்பீர்கள். வெள்ளிக்கிழமைச் சைவ சூப்பிலும் உங்கள் கை சும்மா இராது, ஒரு கரண்டி மீன் சோஸ் விழும். விரதம் பிடிக்கிற ரியூஷன் மாஸ்டர் ஒருவர் அந்தச் சூப்பைத்தான் இரண்டு தரம் கேட்டு வாங்கிக் குடிப்பார். அவர் போனதும் நாம் இரண்டு பேரும் குசினிக்குள் போய் வயிறு நோகச் சிரிப்போம்.

ஆனால் உங்களுக்கு ஒரு மூக்கு இருந்தது, அது சாப்பாட்டுக்கு மட்டுமான மூக்கில்லை. "கோழிக் கடைக்காரன் இண்டைக்கு என்ரை முகத்தைப் பாக்கேல்லை" என்பீர்கள். "பக்கத்து வீட்டு ஆக்கள் பிள்ளையளை வத்தளைக்கு அனுப்பிப் போட்டினம். சைகோனிலையும் இப்பிடித்தான் துடங்கினது." நான் உங்களை ஏசுவேன். சும்மா வயிற்றைக் கலக்காதீர்கள் என்பேன். அண்ணையைக் கொண்டுபோன வருடம், புலிகள் அடித்து கொலன்னாவைப் பக்கம் எண்ணெய்த் தாங்கிகள் எரிந்து, கரும்புகை வானத்தை விட்டுப் போகவே மாட்டேன் என்று நின்றபோது நானும் வாயை மூடிக்கொண்டேன். அண்ணை பொலிஸில் பதிந்த வீட்டு ஆட்களின் பட்டியலைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் கொழுவியிருந்தார். அதில் நான்கு பேர். அவர், நீங்கள், மகள், நான்.

அந்தக் கிழமைதான் உங்கள் தாயின் நினைவு நாளும் வந்தது.

வருடா வருடம் அன்றைக்குக் கடையைப் பூட்டுவீர்கள். தாய்க்குப் பிடித்ததையெல்லாம் சமைத்து, நீள மேசையில் செத்தவர்களுக்கும் இருப்பவர்களுக்கும் சேர்த்தே கிண்ணம் வைப்பது உங்கள் வீட்டு வழக்கம். தகப்பன், தாய், சண்டையில் போன இரண்டு தமையன்மார், அவர்களோடு அண்ணையின் தாய்க்கும் ஒன்று. "மாமி தனிய இருந்து பாத்துக்கொண்டிருப்பா, பாவம்" என்பீர்கள். பிறகு எங்கள் நான்கு பேருக்கும். எல்லாமாக ஒன்பது கிண்ணம், ஒன்பது சோடி குச்சி. அவர்களுடைய படம் ஒன்றுகூட உங்களிடம் இல்லை. ஓடிவந்த அவசரத்தில் எல்லாம் அங்கேயே போய்விட்டது. அதனால் உள்ளே வருகிறவன் கண்ணுக்குச் சாப்பாட்டு மேசை மட்டும்தான் தெரியும்.

அன்று சனிக்கிழமை. மகள் வகுப்புக்குப் போயிருந்தாள். ஊதுபத்தி முடிந்தால் சாப்பிடலாம் என்று பார்த்துக்கொண்டு இருந்தபோது இரும்புக் கதவில் தட்டினார்கள். பொலிஸ்காரர் ஆறேழு பேர். அண்ணையைப் பின் முற்றத்துக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். சிவில் உடுப்பில் இருந்த அதிகாரி பட்டியலைக் கழற்றி வாசித்தார். பிறகு மேசையைப் பார்த்தார். விரலால் எண்ணினார். பட்டியலில் நான்கு, மேசையில் ஒன்பது.

"மே கோப்ப காட்டத?" என்றார். இந்தக் கிண்ணமெல்லாம் யாருக்கு?

உங்களுக்குச் சிங்களம் சந்தையோடு சரி. என்னைத் திரும்பிப் பார்த்தீர்கள். என்ன கேட்கிறார் என்று சொன்னேன். நீங்கள் யோசிக்கவே இல்லை.

"செத்த ஆக்களுக்கு எண்டு சொல்லும்."

எனக்குச் சிங்களம் நன்றாக வரும். கம்பனிக் கந்தோரில் சிங்களப் பெட்டைகளே என்னிடம் கடிதம் திருத்த வருவார்கள். அதில் எனக்குப் பெரிய கர்வமும் இருந்தது. உங்கள் வார்த்தை என் நாக்கு நுனிவரை வந்தது. அந்த நொடியில் ஒன்றை நினைத்தேன். எண்ணெய்த் தாங்கி எரிந்த கிழமையில், கதவைப் பூட்டிக்கொண்டு, ஒரு தமிழன் வீட்டில் செத்தவர்களுக்குப் படையல். எந்தச் செத்தவர்கள் என்று கேட்டால்? வடக்கே செத்த இயக்கப் பெடியங்களுக்கா என்று கேட்டால்?

"அமுத்தோ எனவா," என்றேன். விருந்தாளிகள் வருகிறார்கள்.

அதிகாரி தலையை ஆட்டினார். எத்தனை பேர் என்று கேட்டார். ஐந்து பேர் என்றேன். பெயர் கேட்டார். என் வாயில் பெயர் வரவில்லை அக்கா. ஒரு பொய்ப் பெயர்கூட வரவில்லை. அவர் அவசரப்படாமல் பின் முற்றத்துக்குப் போய் அண்ணையிடம் கேட்டார். அண்ணையின் குரல் எங்கள் இரண்டு பேருக்கும் கேட்டது. அவருடைய உடைந்த சிங்களத்தில், யாரும் வரவில்லை ஐயா, இன்றைக்குக் கடையே பூட்டு என்றார்.

அவர் சொன்னது உண்மை. என் பொய்யும் அவருடைய உண்மையும் பொருந்தவில்லை. வராத ஐந்து பேரை எங்கே ஒளித்து வைத்திருக்கிறாய் என்று கேட்டுக்கொண்டே அவரை வாகனத்தில் ஏற்றினார்கள். உங்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. வெறும் மேலோடு, சாரத்தோடு போகிறார், ஒரு சேட்டாவது கொடுக்கட்டும் என்று பின்னால் ஓடினீர்கள்.

நாம் இரண்டு பேரும் மூன்று நாள் அலைந்தோம். மூன்றாம் நாள் உங்களைப் பொலிஸ் நிலைய வாசல் வாங்கில் இருத்திவிட்டு நான் மட்டும் உள்ளே போனேன். அதே அதிகாரி. இந்தத் தடவை உண்மையைச் சொன்னேன். இந்த அம்மாவின் தாய் தகப்பன், சகோதரங்கள், மாமியார், எல்லாரும் செத்தவர்கள், அவர்களுக்கு வைத்த கிண்ணம் என்றேன். அவர் பேனையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். கோபத்தில் கத்தியிருந்தால் எனக்கு நல்லாயிருந்திருக்கும். மெதுவாகத்தான் கேட்டார், இதை அன்றைக்கே சொல்லியிருக்கலாமே என்று. எங்கள் வீட்டிலும் அப்பாவுக்குச் சோறு வைக்காமல் அம்மா சாப்பிடமாட்டா என்றார். பிறகு ஒரு கொப்பியைப் புரட்டினார். அண்ணையைப் பிடித்த முதல் நாள் பின்னேரமே வேறு இடத்துக்கு மாற்றிவிட்டார்களாம். எந்த இடம் என்று அதில் எழுதியிருக்கவில்லை.

வெளியே வந்து உங்களிடம், "வேறை இடத்துக்கு மாத்திப்போட்டினமாம்" என்று மட்டும் சொன்னேன். நீங்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீர் இல்லாட்டி எங்களுக்கு ஆர் கதைக்கிறது, தங்கச்சி" என்றீர்கள். அந்தக் கையை நான் இழுத்துக்கொள்ளவில்லை.

அண்ணை வரவேயில்லை. நீங்கள் இன்னும் இரண்டு வருடம் கடையை இழுத்தீர்கள். நினைவு நாளில் மேசைக்கு எட்டுக் கிண்ணம்தான் வந்தது. அவர் இருக்கிறவரா செத்தவரா என்று தெரியாமல் எந்தப் பக்கம் வைப்பது என்றீர்கள். பிறகு மகளோடு பாரிஸ் போனீர்கள். ஒவ்வொரு புதுவருடத்துக்கும் போன் எடுத்து, அன்றைக்கு எனக்காகப் பேசினீரே என்று நன்றி சொல்வீர்கள். நானும் கேட்டுக்கொண்டிருப்பேன்.

கடைசி முறை ஆஸ்பத்திரியிலிருந்து எடுத்தீர்கள். குரல் நூலாக இருந்தது. "தங்கச்சி, அண்டைக்கு அவங்களுக்கு என்ன சொன்னனீர்? நான் சொல்லச் சொன்னதைத்தானே சொன்னனீர்?"

இத்தனை வருடத்தில் அதைக் கேட்டது அப்போதுதான். கிடையில் கிடக்கிற மனுசியை எதற்கு நோகடிக்க வேண்டும் என்று நினைத்தேன். அப்படி நினைத்ததாக எனக்கே சொல்லிக்கொண்டேன்.

"ஓம் அக்கா. நீங்கள் சொன்னபடிதான் சொன்னனான்."

"அப்ப என்ரை வாயாலைதான் இவர் போனவர்," என்றீர்கள். "செத்த ஆக்கள் எண்டு சொல்லச் சொல்லியிருக்கக் கூடாது."

இல்லை என்று நான் கத்தியிருக்க வேண்டும். அதற்குள் மகள் போனை வாங்கி, அம்மா களைச்சுப் போனா அன்ரி, பிறகு எடுங்கோ என்றாள். சரி பிள்ளை என்றேன். அதற்குப் பிறகு நீங்கள் எட்டு நாள் இருந்தீர்கள். மகள் சொன்னாள், கடைசிவரை நல்ல நினைவோடு இருந்தீர்களாம், யார் பேசினாலும் விளங்கியதாம். அந்த எட்டு நாளும் போன் என் கைக்குப் பக்கத்தில்தான் இருந்தது, அக்கா.