ஒச்சாயிக்கு நேரே ஒரு கோடு

மடுல்சீமைத் தேயிலைத் தோட்டம், இலங்கை, 1921 மார்ச் 7, திங்கள்

விடாத மழை. பள்ளிக்கு வந்தது பதினொரு பிள்ளைகள். வருகைப் பதிவான இடாப்பில் நாற்பத்தொரு பேருக்கும் வந்ததாகக் கோடு போட்டாயிற்று. மிச்சம் முப்பதும் தாய்மாரோடு மலையில் கொழுந்து பறிக்கின்றன. பள்ளிச் சன்னலில் நின்றாலே தலைகள் தெரியும்.

வருகிற பிள்ளைக்கு இத்தனை என்று சர்க்கார் தோட்டத்துக்கு உதவிப்பணம் தருகிறது. அதிலிருந்துதான் என் சம்பளம். "எல்லாத்துக்கும் போட்டுருங்க வாத்தியாரே. ஒங்க வயிறும் நெறையும், தொரை மனசும் நெறையும்" என்று பெரிய கங்காணி மாரிசாமி சொல்லி மூன்று வருடம். நானும் போட்டுக்கொண்டே இருக்கிறேன். பெரிய யோக்கியன்!

மார்ச் 9

அண்ணன் பதுளைக் கடையிலிருந்து பருப்பு அனுப்பியிருக்கிறார். கட்டிய தாளில் புதுச் சட்டத்தைப் பற்றிய செய்தி. தோட்டத்துச் சின்னப்பிள்ளைகள் எல்லோரும் படிக்க வேண்டுமாம், அதற்குத் தோட்டமே பொறுப்பாம். ஓரத்தில் அண்ணன் கைப்பட: "ராமாமிர்தம், உனக்கு விடிவுகாலம்."

விடிவாவது! சட்டம் பண்டாரவளை வரைக்கும் ரயிலில் வந்துவிடும். அங்கிருந்து இந்த மலைக்கு நடந்தல்லவா வர வேண்டும்?

மார்ச் 16

ஒச்சாயி கையை ஒடித்துக்கொண்டாள். எட்டு வயது. கொழுந்துக் கூடையோடு மழைத்தண்ணீர் ஓடும் கானுக்குள் விழுந்திருக்கிறாள். பதுளை ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோக வேண்டும் என்றார் தோட்டத்து மருந்துக்காரர். தாய் பெரியாயி துரையிடம் தோட்டத்து வண்டி கேட்டுப் போனாள்.

துரை இடாப்பைக் கொண்டுவரச் சொன்னார். எதற்கென்று தெரியாமல் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன், மடையன். ஒச்சாயிக்கு நேரே இன்றைய கோடு இருந்தது. காலையில் மொத்தமாக இழுத்துவிட்டது.

வேலைக்காரர் கணக்கான செக்ரோலில் அவள் பெயர் கிடையாது. சின்னப்பிள்ளைகள் பறிப்பது தாயின் கூடையில் சேரும்; நிறுவையும் தாயின் பேரில்தான். "இடாப்பப் பாரு பெரியாயி. ஒம் மக பள்ளிக்கூடத்துல இருந்திருக்கா. தோட்ட வேலையே செய்யல. அப்பறம் என்னா வண்டி?" என்றான் மாரிசாமி. துரை தலையாட்டினார்.

பெரியாயி என்னைப் பார்த்தாள். நான் இடாப்பை மூடிக் கக்கத்தில் வைத்துக்கொண்டேன்.

ஒரு வார்த்தை — ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வண்டி கிடைத்திருக்கும். நாக்கு என்ன செத்தா போச்சு எனக்கு?

மார்ச் 17

பெரியாயியின் புருஷன் அழகையா பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். பசறை வழியாகப் பதுளைக்கு இருபது மைலுக்குக் குறையாது. நானும் போனேன். பாதி வழி நான் சுமந்தேன். அவள் அழக்கூட இல்லை, பல்லைக் கடித்துக்கொண்டு வந்தாள். ஆஸ்பத்திரியில் அவளை அங்கேயே வைத்துக்கொண்டார்கள். பள்ளியைப் பூட்டிவிட்டுத்தான் போனேன். கேட்கிறவன் கேட்கட்டும்.

மார்ச் 21

பன்னிரண்டு பேர். பன்னிரண்டு கோடு. இனி இந்தக் கையால் ஒரு பொய்க்கோடு விழாது.

மார்ச் 23

மாரிசாமி வந்தான்.

"சம்பளம் கொறையும் வாத்தியாரே."

"கொறையட்டும்."

"வீட்டக் காலி பண்ணச் சொல்லுவாரு தொரை."

"எழுத்துல குடுக்கச் சொல்லுங்க. பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் வந்தா காட்டணும்."

முணுமுணுத்துக்கொண்டே போனான்.

சாயங்காலம் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குப் போய், பிள்ளைகளை அனுப்பச் சொல்லி வீடு வீடாகக் கேட்டேன். பெரியாயி கதவை மறித்து நின்றாள். "ஒங்க கோடுதானே எம் புள்ளைக்கு எதிரா சாச்சி சொல்லுச்சு? இப்ப அவ ஆஸ்பத்திரியில இருந்து வந்ததும் அனுப்புன்னு வந்து நிக்கிறீங்க. அவ பறிக்கிற ரெண்டு றாத்தல நீங்களா பறிப்பீங்க?"

சரியான அடி. திரும்பிவிட்டேன்.

ஏப்ரல் 4

இன்ஸ்பெக்டர் வருகிறார் என்றால் தோட்டமே குளிக்கும். கங்காணி பிள்ளைகளை மலையிலிருந்து இறக்கி, முகம் கழுவி, வாங்குப் பலகையில் அடுக்குவான். ஆள் குறைந்தால் பக்கத்துத் தோட்டத்தில் இரவல் வாங்கியதும் உண்டு. இன்றும் நாற்பத்தொன்று உட்கார்ந்திருந்தது, ஒச்சாயியின் இடத்தில் யாரோ ஒரு பிள்ளை. இன்ஸ்பெக்டர் எண்ணிவிட்டுக் கையெழுத்துக்குப் பேனாவை எடுத்தார்.

"ஐயா, இதுல பாதிக்கு மேல இன்னைக்கு மட்டும் வந்தது. ரெண்டு வாரமா போட்ட கோடுதான் நெசம். அதுக்கு முந்தி மூணு வருசம் நான் போட்டது பொய்" என்றேன். பிள்ளைகள் முன்னாலேயே சொன்னேன். மாரிசாமியின் முகத்தைப் பார்க்கணுமே! ஒச்சாயிக்கு நேரே இருந்த கோட்டைக் காட்டினேன். அன்று அவள் விழுந்த கானையும் சன்னல் வழியே காட்டினேன்.

அவர் வெகுநேரம் எழுதினார். "இதனால் உம்முடைய வேலையும் போகலாம், தெரியுமா?"

"தெரியுங்க."

சொல்லிவிட்டேன். வயிறு நிறையச் சாப்பிட்டதுபோல் இருக்கிறது.

ஏப்ரல் 20

கல்வி இலாகாவிலிருந்து கடிதம் வந்தது. உதவிப்பணம் இனி நிஜமாக வந்த தலைகளுக்கு மட்டும். பள்ளி நேரத்தில் பிள்ளைகள் மலையில் நின்றால் துரை பதில் சொல்ல வேண்டும். பொய் எழுதிய எனக்கு எழுத்தில் கண்டிப்பு. சம்பளம் பாதிக்கும் கீழே. நியாயம்தான், வாங்கிக்கொள்கிறேன்.

என்னை நிறுத்துவதென்றால் காரணம் எழுதி அனுப்ப வேண்டுமாம். துரைக்கு அதை எழுத மனம் வரவில்லை போலும். அண்ணன் கடைக்கே வந்துவிடு என்கிறார். போகமாட்டேன். புளி நிறுக்கவா நான் பிறந்தேன்?

ஏப்ரல் 26

விடியற்காலை, வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்துப் பக்கம், பிள்ளைகளை மலைக்கு ஏற்றுகிறார்களா என்று பார்க்கப் போய் நின்றேன். பெரியாயி தனியாக வந்திருந்தாள்.

"எங்க ஒம் மக? ஆஸ்பத்திரியில இருந்து வந்துட்டாளாமே? ஒத்தக் கையால பறிக்கலாம்ல?" என்றான் மாரிசாமி.

"பள்ளிக்கூடத்துல இருக்கா. இடாப்பப் பாருங்க கங்காணி."

பின்னால் நின்ற பெண்களில் ஒருத்தி சிரித்தாள். அப்புறம் எல்லோரும் சிரித்தார்கள். பெரியாயி என் பக்கம் திரும்பவே இல்லை.

ஓட்டமாக வந்து பள்ளியைத் திறந்தேன். கைக்கட்டோடு வாசலில் உட்கார்ந்திருந்தாள். இன்று மொத்தம் பதினெட்டுப் பேர். ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டேன். அவள் "இருக்கேன் சார்" என்ற பிறகுதான் ஒச்சாயிக்கு நேரே கோடு போட்டேன்.