விட்டில்களின் பின்னால் மலையேறியவளுக்கு

தாராவி

அன்பு மகள் ஷைஸ்தாவுக்கு உம்மா சொல்லும் ஸலாம். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே எல்லாரும் சுகம், உன் சுகத்தைத்தான் யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை. போன் போட்டால் இந்தியில் ஒருத்தி பேசி, நீ எட்டாத இடத்தில் இருப்பதாகச் சொல்கிறாள், அது எனக்குத் தெரியாதாக்கும். சாமான் ஏற்றிவரும் ஜீப்பில் கொடுத்தால் உன் கூடாரத்துக்கு வந்துவிடும் என்று உன் ஆபீஸில் சொன்னதால் இந்தக் கடிதம். தமிழ் வாசிக்கத் திணறுவாய், எழுத்துக்கூட்டிப் படி, அவ்வளவு நேரமாவது என்னோடு இருப்பாய்.

இங்கே பிப்ரவரியிலேயே வெயில் கொளுத்த ஆரம்பித்துவிட்டது. உன் தம்பி அம்மாருக்குக் குர்லா கடையில் ஏசி ரிப்பேர் வேலை குவிகிறது, சாப்பிடக்கூட வருவதில்லை. அதே சூடுதான் அங்கே உன் காட்டையும் பிடித்திருக்கிறது போல. போன தடவை பேசும்போது, விட்டில்களை எண்ணுவதற்காக நான் தைத்துக் கொடுத்த வெள்ளைத் துணியைக் கட்டி விளக்குப் போட்டால் முன்பெல்லாம் துணி தெரியாமல் விட்டில் மொய்க்கும், இப்போது வெறும் துணிதான் தொங்குகிறது என்றாய். கீழ இருந்ததெல்லாம் சூடு தாங்காம மலை மேல ஏறிட்டுது உம்மா, நானும் பின்னாலயே போறேன், பெருநாளுக்கு வர முடியாது என்றும் சொன்னாய். அந்தப் பூச்சிகள் மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. பெற்றவள் கூப்பிட்டும் வராதவள், பூச்சி போகிற இடத்துக்கெல்லாம் போகிறாளே என்று அழுதேன்.

இப்படி மேலே போய்க்கொண்டே இருந்தால் அப்புறம் என்ன என்று கேட்டதற்கு, உச்சிக்கு அப்புறம் போறதுக்கு இடம் ஏது உம்மா, அதோட முடிஞ்சுது என்றாயே, எனக்கு ஒரே சந்தோஷம். முடிந்தால் மகள் வீட்டுக்கு வந்துவிடுவாள் அல்லவா. உன் வாப்பாவிடம் நல்ல அரிசியாகப் பார்த்து வைக்கச் சொன்னேன். மனிதர் தையல் மிஷினை நிறுத்திவிட்டு, அதுங்க அழிஞ்சு போறதைச் சொல்லியிருக்கா பிள்ளை, நீ பிரியாணிக்கு அரிசி பாக்கியா என்றார். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

உன்னைப் பார்க்கவேண்டும் போல் இருக்கிறது மகளே, அதில் மாற்றமில்லை. நீ படுக்கிற இடத்தில் வாப்பாவின் துணி மூட்டையை வைக்க நான் இன்னும் விடுவதில்லை. குளிரில் காதை மூடிக்கொள், தலைக்கு எண்ணெய் வை, மாத்திரையை மறந்துவிடாதே. ஐந்து வேளையும் நீ சீக்கிரம் வரவேண்டும் என்றுதான் துஆ கேட்டுக்கொண்டிருந்தேன். இப்போது அந்த மலை தீராமல் இன்னும் இருக்கட்டும் என்று கேட்கிறேன். அப்படியானால் நீ வர நாளாகும் என்று தெரிந்துதான் கேட்கிறேன். அல்லாஹ் உன்னையும் உன் பூச்சிகளையும் காப்பானாக.

உன் உம்மா,
மதீனா பீவி