ஏனாதி தலைமேல் வைத்த கால்

ஏழு மதகும் வற்றா வெண்கோட்டு நாட்டின் மகாமந்திரியார் நக்கன் பரமேட்டி விழுப்பரையர், கருவிலிக் கோட்டைக் காவலர் தாழிக்குமர அரையருக்கு விடுக்கும் ஓலை. உமது அகழி நீர் நிறைக. உமது வாயிற்காவலர் கண் அயராதிருக்க. முதலில் முத்திரையைப் பாரும். பின்னர் ஓலை கொணர்ந்தவன் முகத்தைப் பாரும். இரண்டிலும் ஐயமில்லையேல் மேலே படிப்பீராக.

உமது சிறையிலுள்ள குதிரைப்படைத் தலைவன் ஏனாதி பூதன் கண்டனை வரும் பௌர்ணமியன்று தலை துணிக்குமாறு மந்திரியார் முன்னர் ஆணையிட்டிருந்தார். வடபுலக் குதிரை வணிகன் ஒருவன் தன் தமையனுக்கு இந்தி மொழியில் எழுதிய கடிதம் சுங்கச் சாவடியில் பிடிபட்டதே அதற்குக் காரணம். எல்லைப் போரில் நம் ஏனாதி 'சிர் பர் பாவ் ரக்கர் பாகா' என்று அதில் கண்டிருந்தது. தலைமேல் கால் வைத்து என்று அரண்மனை மொழிபெயர்ப்பாளர் பொருள் சொன்னார். பகைவன் திருவடியைத் தலைமேல் தாங்கி அடிபணிந்தான் என்று மந்திரியார் கொண்டார். எஞ்சிய 'பாகா' என்ற சொல்லைப் பாகம் என்று கருதி, காட்டிக்கொடுத்ததற்குப் பங்கும் வாங்கினான் என்று முடிவு கட்டினார்.

வணிகனோ, ஓடிப்போனான் என்பதே பொருள் என்று காலில் விழுந்து அழுதான். மந்திரியார் நம்பவில்லை. வடபுலத்தார் மூவரைத் தனித்தனியே இருத்தி வினவினார். மூவரும் ஒன்றே சொன்னார்கள். ஒன்றே சொன்னதனாலேயே அவருக்கு ஐயம் இரட்டித்தது. காலைத் தலையில் வைத்தவன் எதைக்கொண்டு ஓடுவான் என்று மடக்கினார்.

நேற்று முற்பகல் கடைவீதியில் பட்டத்து யானை சங்கிலியை அறுத்துக்கொண்டது. மந்திரியார் பல்லக்கிலிருந்து குதித்து, மேலாடை போன திசை அறியாமல், பின்னங்கால் பிடரியில் அடிக்க ஓடினார். இனிப்புக் கடை வடபுலத்துப் பெண் ஒருத்தி கைகொட்டிச் சிரித்து, தன் கணவனிடம் அதே சொற்களை உரக்கச் சொன்னாள். அவள் வழக்கையும் அறியாள். ஓடுபவர் யாரென்றும் அறியாள். மந்திரியார் அந்நேரம் எவர்க்கும் அடிபணியவில்லை, எப்பங்கும் பெறவில்லை. நம்மவர் பிடரியில் அடிக்கும் காலை வடபுலத்தார் ஒரு சாண் ஏற்றித் தலையில் வைக்கிறார்கள், அவ்வளவே.

ஏனாதி எதற்காக ஓடினான் என்ற ஐயம் மந்திரியாருக்கு இன்னும் தீரவில்லை. புறமுதுகிட்டவனுக்கும் தண்டம் உண்டு. ஆயினும் அதை விதிக்க நேற்று முதல் அவருக்கு வாய் எழவில்லை. காட்டிக்கொடுக்காத ஒரு தலையை இழக்கப் பார்த்தோமே என்று வருந்துகிறார்.

பௌர்ணமிக்கு இரண்டே நாள் இருப்பதால் இவ்வோலை மூன்று வழியே மூன்று தூதர் கையில் வருகிறது. எது முந்தினும் அதுவே ஆணை. மூன்றும் ஒன்றே சொல்கின்றனவே என்று நீரும் ஐயுறற்க.

பூதன் கண்டனின் தலை கழுத்தின்மேலும் கால் தரைமேலும் இருக்கக் கடவன. இது மந்திரியார் தம் கையாலேயே இட்ட முத்திரை.