மூன்றாம் படிக்கு ஏற மறுத்த சின்னவள்

அன்புள்ள பெரியவனுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நாங்கள் மூன்று பேரும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் மருமகளும் அந்தக் குளிரில் காதை மூடிக்கொண்டு, வேளைக்குச் சாப்பிட்டு, சௌக்கியமாக இருப்பீர்கள் என்ற நினைப்போடுதான் பேனாவை எடுத்தேன். எனக்கு அந்தக் கடைவாய்ப் பல்லைக் கடைசியில் பிடுங்கியாகிவிட்டது, பல் டாக்டர் இன்னும் இரண்டு வருஷம் தாங்கும் என்றார், அதுவரை யார் வலியைத் தாங்குவது என்று கேட்டேன், சிரித்துக்கொண்டே பிடுங்கிவிட்டார். அம்மாவுக்குப் புதுக் கண்ணாடி வந்தது. இப்போது ஒரே தடவையில் ஊசியில் நூல் கோத்துவிடுகிறாள், தையல் மெஷின் பாட்டுக்கு ஓடுகிறது, ஆனால் அதே கண்ணாடியால் என் புத்தக அலமாரியில் இருக்கிற தூசியும் தெரிய ஆரம்பித்துவிட்டது, அதுதான் தொல்லை.

போன மாதம் நீ போனில் சொன்னதற்கு இப்போதுதான் பதில் சொல்ல முடிகிறது. சின்னவள் அந்தக் குதிரைப் பள்ளியில் ஒரே பரீட்சையில் இரண்டு தடவை தவறிவிட்டாள், அடுத்த வருஷம் பெரிய பரீட்சை வேறு வருகிறது, பேசாமல் நிறுத்திவிட்டு டியூஷனில் சேருங்கள் என்றாய். நீ கல்லூரியில் சேர்ந்த வருஷம் பிறந்தவள், அவள்மேல் உனக்கு அண்ணன் பாசம் பாதி, அப்பா பாசம் பாதி, அது எனக்குத் தெரியும். பார்க்கலாம் என்று சொல்லி வைத்துவிட்டேன். போனிலேயே பேசியிருந்தால் நடுவில் அம்மா புகுந்து உன் பக்கம் சேர்ந்துகொண்டிருப்பாள், என் கட்சி தோற்றிருக்கும், அதனால்தான் கடிதம்.

அந்தப் பள்ளியை நீ பார்த்ததில்லை. பஸ் டிப்போவுக்குப் பின்னால் ஒரு நீளமான தகரக் கூரை லாயம், எதிரில் வேலி போட்ட மணல் திடல், அவ்வளவுதான். நடத்துவது ஒரு பெண்மணி, பிள்ளைகள் குதிரை டீச்சர் என்பார்கள், நாங்களும் அப்படியே. அங்கே நாலு படி வைத்திருக்கிறார்கள். முதல் படியில் குதிரைமேல் ஏறவே விடமாட்டார்கள். லத்தி அள்ளிக் கொட்ட வேண்டும், வைக்கோலை மாற்ற வேண்டும், உடம்பைத் தேய்த்துவிட வேண்டும், குளம்பைத் தூக்கி உள்ளே சிக்கிய கல்லைக் கொக்கியால் எடுக்க வேண்டும், தலைக்கயிற்றைப் பிடித்து அதன் தோளுக்குப் பக்கத்திலேயே நடக்க வேண்டும். வீட்டில ஒரு தட்டைக் கழுவி வைக்கமாட்டா, அங்க போய் லத்தி அள்ளுறா என்று அம்மா அப்போது தலையில் அடித்துக்கொண்டாள். இரண்டாம் படியில் தானே சேணம் கட்டி ஏறலாம், ஆனால் டீச்சர் கையில் ஒரு நீளக் கயிறு இருக்கும், அவரைச் சுற்றித்தான் போக வேண்டும். மூன்றாவதில் கயிற்றை அவிழ்த்துவிடுவார்கள். நாலாவதில் வேலிக்கு வெளியே. எழுத்து, சொல், வாக்கியம், கட்டுரை என்று நான் முப்பது வருஷம் சொல்லிக்கொடுத்த அதே வரிசைதான். ஆனால் நம்மிடம் இல்லாத ஒரு வழக்கம் அங்கே உண்டு. இரண்டாம் படி தேறிய பிள்ளை தன் குதிரையைப் புதிதாக வரும் பிள்ளையிடம் ஒப்படைத்துவிட்டு வேகமான இன்னொன்றுக்கு மாற வேண்டும்.

சின்னவளுடைய குதிரைக்குப் பேர் தூங்குமூஞ்சி. கபில நிறம், வயசான பெட்டை, கீழுதடு எப்போதும் தொங்கிக்கொண்டிருக்கும், ஒரு பின்னங்காலை லேசாக மடித்து நின்றபடியே தூங்கும். அதற்குத் தெரிந்த ஒரே சூது, சேணத்தின் வயிற்று வாரை இறுக்கும்போது வயிற்றை உப்பிக்கொள்வது. அப்போதைக்கு இறுக்கமாகத் தெரியும், மூச்சை விட்டதும் வார் தளர்ந்துவிடும், மேலே இருப்பவர் சேணத்தோடு சரிந்து கீழே வர வேண்டியதுதான். அதனால் கொஞ்சம் பொறுத்து மறுபடி இறுக்க வேண்டும். இது சின்னவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. முதல் தடவை போலவே இரண்டாம் தடவையும் பரீட்சையில் அவள் தவறியது இந்த வாரில்தான். டீச்சர் கையை நுழைத்துப் பார்த்தார், இரண்டு விரல் மட்டும் நுழைய வேண்டிய இடத்தில் முழு முஷ்டியும் போனது. ஆனால் நான் வேலியோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் பொறுத்திருந்து இறுக்கினாள், டீச்சர் அந்தப் பக்கம் திரும்பினார், உடனே இரண்டு துளை தளர்த்திவிட்டாள்.

எனக்கு ஒரு பழைய மாணவன் ஞாபகம் வந்தான். கணக்கை வரிக்கு வரி சரியாகப் போட்டுவிட்டுக் கடைசி விடையை மட்டும் மாற்றி எழுதுவான், மார்க் கூடினால் வேறு பிரிவுக்கு மாற்றிவிடுவார்கள், பக்கத்து பெஞ்சு சிநேகிதனை விட்டுப் போக வேண்டும். தெரியாதவன் எங்கே வேண்டுமானாலும் தப்பு விடுவான், தெரிந்தவன்தான் ஒரே இடத்தில் தப்பு விடுவான். திரும்பி வரும்போது பஸ்ஸில் நான் திட்டவில்லை, வாரில் எத்தனையாவது துளை என்று மட்டும் கேட்டேன். இரண்டு துளை தளர்த்தினேன் என்று ஒப்புக்கொண்டாள். அப்புறம், புதுசா வர்றவங்களுக்குக் கடிவாளம் போடத் தெரியாதுப்பா, இரும்பு அதோட பல்லுல இடிக்கும், அது வாயில்லாத ஜீவன், யார்கிட்ட போய்ச் சொல்லும் என்றாள். நான் போய்ச் சொன்னால் அது கோள், நீயே போய் டீச்சரிடம் சொல் என்றேன்.

சொன்னாள். நான் எதிர்பார்த்ததைவிட விஷயம் பெரிதாகிவிட்டது. டீச்சர் முகம் சிவந்து, தெரியாதவளுக்கு ஆயுசு முழுக்க நின்னு சொல்லிக்கொடுப்பேன், தெரிஞ்சே வாரைத் தளர்த்தறவளை எப்படி உள்ள விடறது, அந்தச் சேணத்துல அடுத்து ஒரு குழந்தை ஏறியிருந்தா என்ன ஆகியிருக்கும் என்று கேட்டார். சின்னவள் அதை யோசித்திருக்கவே இல்லை. நாளையிலிருந்து வர வேண்டாம் என்று அனுப்பிவிட்டார். நீ போன் செய்தது அந்த வாரத்தில்தான். நிறுத்துவதா வேண்டாமா என்பது அப்போது நம் கையிலேயே இல்லை. நான் உன்னிடம் சொல்லாமல் விட்டதற்கும் அதுதான் காரணம். இவள் முழங்காலில் ஒட்டுப்போட்ட குதிரைக் கால்சட்டையை மடித்து அம்மாவின் துணி மூட்டையில் வைத்துவிட்டாள், அம்மா அதை எடுத்துத் துவைத்துக் காயப்போட்டாள். நிறுத்தச் சொன்னவளும் அவள்தான்.

வாரக் கடைசியில் டீச்சரே கூப்பிட்டார். குதிரை மேல் ஏறக் கூடாது, மறுபடி முதல் படியிலிருந்து, அதுவும் தனக்காக இல்லை. எட்டு வயசுப் பெண் ஒருத்தி புதிதாகச் சேர்ந்திருக்கிறாள், குதிரை தும்மினாலே ஓடி ஒளிகிறாள். குளம்பிலிருந்து சேணம், கடிவாளம் வரை தூங்குமூஞ்சியோடு அவளைப் பழக்க வேண்டும், அவள் தேறினால்தான் நீ தேறிய மாதிரி என்றார். அந்தக் குழந்தையைச் சுண்டெலி என்று கூப்பிடுகிறார்கள், ஆளும் அப்படித்தான், வாளியைத் தூக்கினால் வாளி மட்டும்தான் நடந்து வரும். ஆரம்பத்தில் நம்மவள் அவளைப் போட்டு வறுத்தெடுத்தாள். அக்கா திட்டிக்கிட்டே இருக்காங்க, குதிரையே பரவாயில்லை என்று அது அழுதது. அதன்பிறகு சின்னவள் வீட்டிலேயே பாடம் தயாரிக்க ஆரம்பித்தாள், குதிரை நான்தான். என் பெல்ட்டையும் மரக்கரண்டியையும் வைத்துக்கொண்டு, வாயோரத்துல குதிரைக்குப் பல்லே இல்லாத இடம் ஒண்ணு இருக்கு, அங்க கட்டைவிரலை வச்சா தானா வாயைத் திறக்கும், உங்களுக்கும் இப்ப அந்த இடம் இருக்கே அப்பா, திறங்க என்றாள். அம்மா மெஷினை நிறுத்திவிட்டுக் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.

போன சனிக்கிழமை பரீட்சை நடந்தது. அம்மாவும் முதல் தடவையாக வந்தாள், மூக்கை முந்தானையால் மூடிக்கொண்டு. சுண்டெலி ஒரு பெட்டிமேல் ஏறி நின்று, தூங்குமூஞ்சியின் வாயோரத்தில் விரலை வைத்து, அது கொட்டாவி விடுவதுபோலத் திறந்ததும் கடிவாளத்தைப் போட்டாள், பல்லில் டிக் என்று ஒரு சத்தம் கூட இல்லை. வாரை இறுக்கினாள், பொறுத்திருந்தாள், தொங்கிப் பிடித்து மறுபடி இறுக்கினாள். டீச்சரின் இரண்டு விரல்தான் உள்ளே போனது. இரண்டு பேரும் தேறினார்கள். பிறகு சின்னவள் தலைக்கயிற்றை அந்தச் சின்னக் கையில் கொடுத்தாள். தூங்குமூஞ்சி அந்தப் பெண்ணின் தோளையொட்டி லாயத்தைப் பார்க்க நடந்தது, ஒரு தடவை கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. நன்றி கெட்டது, இத்தனை நாள் தேய்ச்சுவிட்டியே என்று அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. சின்னவள் உதட்டைக் கடித்துக்கொண்டு, இல்லம்மா, நான் ரெண்டு பேரையும் நல்லா பழக்கியிருக்கேன் என்றாள். முப்பது வருஷத்தில் நான் கொடுத்த எந்த மார்க்கும் அதற்கு ஈடில்லை.

புதுக் குதிரைக்கு மிளகாய் என்று பேர். பேருக்கேற்ற காரம், அன்றைக்கே கயிறில்லாமல் ஒரு சுற்று முடிப்பதற்குள் அவளை மணலில் உருட்டிவிட்டு அவள் தொப்பியையும் மோந்து மிதித்தது. குதிரை கீழே தள்ளினதும் இல்லாம குழியும் பறிச்சதாம் என்று அம்மா வேலியைப் பிடித்துக்கொண்டு சொன்னாள், ஆனால் ஏறுடீ மறுபடி என்று முதலில் கத்தியதும் அவள்தான். ஏறினாள். ஆகவே நிறுத்தப் போவதில்லையப்பா. டியூஷனும் உண்டு, வாரத்தில் நாலு நாள் சாயங்காலம், அவளே ஒத்துக்கொண்டாள். லாயத்துக்கு மீதி நாள்.

நீ கோபமாக இருப்பதாக அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள், ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் கூப்பிடு. பரீட்சையைப் பற்றிக் கேட்காதே, மிளகாய் எப்படி இருக்கிறது என்று கேள், அரை மணி நேரம் பேசுவாள். தூங்குமூஞ்சி பேச்சை நீயாக எடுக்காதே, காயம் இன்னும் ஈரமாக இருக்கிறது, அவளாகவே ஒரு நாள் சொல்வாள். இரண்டு பேரும் நூறு வயசு ஒற்றுமையாக, நோய்நொடி இல்லாமல் இருங்கள், மருமகளுக்கு அம்மாவும் நானும் ஆசீர்வாதம் சொன்னதாகச் சொல்.

எப்போதும் உங்கள் நினைவாகவே இருக்கும்
அப்பா